பழைய ஐரோப்பிய லஸ்டர்வேர் சேகரிக்க ஆசை: மார்க் இல்லாத ஜக்கை நம்பி வாங்கலாமா?

செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பீங்கான், மண்பாண்டம் விஷயத்துல நல்ல விவரம் உள்ளவங்க இங்க இருக்கீங்கன்னு பழைய இழைகளைப் படிச்சப்பவே தெரிஞ்சுது, அதான் தைரியமா கேக்கறேன்.

ஐரோப்பாவோட பழைய லஸ்டர்வேர் மேல கொஞ்ச நாளா ஒரே பைத்தியமா இருக்கேன். தங்கம், செம்பு, வெள்ளி, ரோஸ்னு மேல உலோகம் மின்னுற பாத்திரங்க இருக்கே, அதுதான். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல 15ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் தட்டுங்களைப் பாத்தேன், நேரா நின்னா பழுப்பா மங்கலா இருக்கு, ஒரு அடி தள்ளி நின்னா தங்கமா எரியுது, கண்ணை எடுக்கவே முடியல. அதெல்லாம் நம்மால வாங்க முடியாதுன்னு தெரியும். ஆனா அதே குடும்பத்துல சின்னதா ஏதாவது ஒண்ணு கையில வச்சுப் பாக்கணும்னு ஆசை.

இப்போ இங்கிலாந்து ஏலம் ஒண்ணுல ஒரு ஜக் வருது. உடம்பு முழுக்க செம்பு நிறம், வயித்துல அகலமா நீலப் பட்டை, அதுல புடைப்பா பூங்கொத்து, கைப்பிடி வளைவுல பளபளப்பு கொஞ்சம் தேஞ்சு பழுப்பு மண் தெரியுது. அடியில செஞ்சவங்க பேரோ முத்திரையோ, மார்க்குன்னு எதுவுமே கிடையாது. 1830 வாக்குலன்னு போட்டிருக்காங்க. மார்க் இல்லாம அதை எப்படி நம்பறது? நிஜமாவே செம்பு பூசினதா? அந்த ஸ்பெயின் தட்டும் இதுவும் ஒரே தொழில்நுட்பமா இல்ல பேர் மட்டும்தான் ஒண்ணா? புதுசா ஆரம்பிக்கறவங்க எந்தப் பக்கம் போனா நல்லதுன்னும் சொல்லுங்க.


மண்ணும்நெருப்பும் எழுதியது:

வாங்க தோழி. நல்ல கேள்வி, குறிப்பா அந்த ரெண்டும் ஒரே தொழில்நுட்பமான்னு கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி விஷயம் அடங்கியிருக்கு. இல்ல, ரெண்டும் வேற வேற. லஸ்டர்ல ரெண்டு பரம்பரை இருக்கு, இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா கேட்லாக்ல எழுதியிருக்கறதை நம்பி இருக்க வேண்டாம், உங்க கண்ணே சொல்லிடும்.

முதல் பரம்பரை புகை லஸ்டர். 9ஆம் நூற்றாண்டு ஈராக்ல மண்பாண்டத்துக்கு வந்து, எகிப்து வழியா ஸ்பெயினுக்குப் போய், மலாகாவுலயும் அப்புறம் வலென்சியா பக்கத்து மானிசெஸ்லயும் வேரூன்றினது. தகரம் கலந்த வெள்ளை கிளேஸ் (சுட்டா கண்ணாடி மாதிரி ஆகற மேல்பூச்சு) போட்டு ஏற்கனவே சுட்ட தட்டு மேல, வெள்ளி, செம்பு உப்புங்களைக் காவிமண்ணோடயும் வினிகரோடயும் குழைச்சு வரைவாங்க. அப்புறம் மறுபடியும் சூளை, ஆனா இந்தத் தடவை சூடு கம்மி, 600 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு, அதுவும் காத்தை அடைச்சு புகை மூட்டத்துல. புகை ஆக்சிஜனை உறிஞ்சிடும், அந்த உப்பு கிளேஸ்க்குள்ள இறங்கி நானோமீட்டர் அளவு உலோகத் துகளா மாறிடும். வெளிய எடுத்தா கருப்பா அழுக்கா இருக்கும், அந்தக் காவிமண்ணைத் துணியால தேச்சு எடுத்தாதான் அடியில தங்கம் தெரியும். அதாவது பளபளப்பு கிளேஸ் மேல ஒட்டினது இல்ல, கிளேஸ்க்குள்ளயே இருக்கு. நீங்க மியூசியத்துல கோணம் மாத்தினா நிறம் மாறுதுன்னு பாத்தது இதைத்தான். இத்தாலியில டெரூட்டா, கூப்பியோங்கற ஊர்கள்ல 16ஆம் நூற்றாண்டுல இதையே செஞ்சாங்க, கூப்பியோவோட மாஸ்ட்ரோ ஜார்ஜியோ போட்ட மாணிக்கச் சிவப்பு லஸ்டருக்காக வேற ஊர்கள்ல வரைஞ்சு முடிச்ச தட்டுங்களைக் கூட அவர் பட்டறைக்கு அனுப்புவாங்க. அந்தக் காலத்துலயே பிக்கோல்பாஸோன்னு ஒருத்தர், இந்தச் சூளையில நூறு வச்சா ஆறு தேறுறதே கஷ்டம்னு எழுதி வச்சிருக்கார், அதைப் படிச்சதுக்கு அப்புறம் மியூசியத்துல ஒவ்வொரு தட்டையும் பாக்கற பார்வையே மாறிடும்.

ரெண்டாவது பரம்பரை இங்கிலாந்தோடது, 1800க்கு அப்புறம் பெருசா வந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர், சண்டர்லண்ட், லீட்ஸ், வேல்ஸ்ல ஸ்வான்சீ. இதுல புகை கிடையாது. உலோகத்தை ராஜதிராவகத்துல (தங்கத்தையே கரைக்கற அமிலக் கலவை) கரைச்சு, எண்ணெயும் பிசினும் கலந்து கிளேஸ் மேல மெல்லிசா பூசி சாதாரணமா சுட்டுடுவாங்க, ஒரு படலமா மேலயே நிக்கும். உங்க ஜக்குல இருக்கறது செம்பு இல்ல, தங்கம்! சிவப்பு, பழுப்பு மண் மேல தங்கக் கரைசல் போட்டா செம்பு நிறம் வரும், அதே தங்கத்தை வெள்ளை மண் மேல மெல்லிசா போட்டா ரோஸ், ஊதா வரும். வெள்ளி நிறத்துலயும் வெள்ளி கிடையாது, பிளாட்டினம். வெள்ளியா இருந்திருந்தா இத்தனை வருஷத்துல கறுத்திருக்கும், பிளாட்டினம்கறதாலதான் 200 வருஷ டீபாட் இன்னிக்கும் பளிச்சுனு இருக்கு.

இப்போ உங்க ஜக். பழுப்பு மண், அகலமான நீலப் பட்டை, புடைப்புப் பூ, இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு ஸ்டாஃபோர்ட்ஷயர்ல வழக்கமா வர்ற வேலைதான். மார்க் இல்லாததைப் பத்தி கவலையே படாதீங்க, அந்தக் கால செம்பு லஸ்டர்ல பெரும்பாலானதுக்கு மார்க் இருக்காது, சின்னச் சின்னப் பட்டறைங்க செஞ்சு கூடை கூடையா வித்தது. சொல்லப்போனா அடியில "இங்கிலாந்து"ன்னு அச்சு இருந்தாதான் யோசிக்கணும், ஏன்னா அமெரிக்காவோட மெக்கின்லி சுங்கச் சட்டத்தால 1891ல இருந்துதான் ஏற்றுமதிச் சாமான்ல நாட்டுப் பேர் போடறது வழக்கமாச்சு. "மேட் இன் இங்கிலாந்து"ன்னு முழுசா இருந்தா பொதுவா 20ஆம் நூற்றாண்டு. அலர்ட்டன்ஸ் மாதிரி கம்பெனிங்க 20ஆம் நூற்றாண்டுலயும் இதே செம்பு ஜக்கைப் போட்டுட்டு இருந்தாங்க, அது போலி கிடையாது, ஆனா 1830ம் கிடையாது.

மார்க்கை விட்டுட்டு அடிவிளிம்பைப் பாருங்க. விக்கறவங்ககிட்ட கிட்டத்துல எடுத்த படம் கேளுங்க. நிஜமா பல வருஷம் மேஜையில இழுபட்டு வாழ்ந்த சாமான்ல கீறல் எல்லா திசையிலயும் கன்னாபின்னானு போகும், பாத்திரம் எங்க சாய்ஞ்சு நிக்குதோ அங்க மட்டும் அதிகமா தேஞ்சிருக்கும். பழசாக் காட்ட உப்புத்தாள் போட்டிருந்தா கீறல் எல்லாம் ஒரே பக்கமா, சுத்தி ஒரே அளவா இருக்கும். அப்புறம் கைப்பிடியும் மூக்கும். பிடிக்கற இடத்துல லஸ்டர் தேஞ்சிருக்குன்னு சொன்னீங்க, கை படற இடத்துலதான் தேயணும், அது நல்ல அடையாளம். கை படவே படாத குழிவுல தேஞ்சிருந்தா சந்தேகப்படுங்க.


பழம்பெட்டி எழுதியது:

மண்ணும்நெருப்பும் அண்ணன் சொன்னதை மறுக்கல, ஆனா புதுசா வர்றவங்களுக்கு மார்க் இல்லாததை வாங்கச் சொல்றது எனக்கு சரியாப் படல. கண்ணு பழகற வரைக்கும் மார்க் உள்ளதையே வாங்குங்க, நாளைக்கு விக்கணும்னாலும் அதுதான் போகும். மார்க் இல்லாத செம்பு ஜக் இங்கிலாந்து ஏலங்கள்ல பெட்டி பெட்டியா சில பத்து பவுண்டுக்கே போகுது, விலை ஏறும்னு நினைச்சு வாங்கக்கூடாது. அழகுக்காக வாங்கறதா இருந்தா வேற விஷயம்.

மார்க்கோட வேணும்னா பில்கிங்டன்ஸ் பாருங்க. மான்செஸ்டர் பக்கத்துல டைல்ஸ் கம்பெனியா ஆரம்பிச்சது, 1906ல இருந்து லஸ்டர் போட்டாங்க. கார்டன் ஃபோர்சைத், ரிச்சர்ட் ஜாய்ஸ், வில்லியம் மைகாக் இவங்க ஒவ்வொருத்தருக்கும் சொந்த அடையாளம் உண்டு, அடியில கம்பெனி மார்க், வரைஞ்சவர் அடையாளம், சில சமயம் வருஷ அடையாளமும் சேர்ந்தே இருக்கும். மான், மீன், கப்பல், கேடயம்னு வரைஞ்சிருக்கற நயம் பாத்தா அசந்துடுவீங்க. விலை ஏறும்தான், ஆனா என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கலாம்.


நீலாம்பரி எழுதியது:

எதை வாங்கலாம்னு ரெண்டு பேர் சொல்றதும் இங்கிலாந்துக்குள்ளயே நிக்குது, கொஞ்சம் அந்தப் பக்கமும் போவோம். புகை லஸ்டர்தான் செம்பருத்திக்கு மனசுல இருக்குன்னா 15ஆம் நூற்றாண்டுக்கும் போக வேண்டாம், செம்பு ஜக்கோடயும் நிக்க வேண்டாம், 19ஆம் நூற்றாண்டு கடைசியில அந்தப் பழைய வித்தையைத் திரும்பக் கண்டுபிடிச்ச ஒரு தலைமுறை இருக்கு, என்னைக் கேட்டா லஸ்டர்ல ரொம்ப உயிரோட்டமான காலம் அதுதான்.

இங்கிலாந்துல வில்லியம் டி மார்கன். கண்ணாடி ஜன்னல் வரையும்போது மஞ்சள் சாயத்துல இருந்த வெள்ளி, சூளையில மினுமினுன்னு ஆகறதைக் கவனிச்சு அங்கிருந்து ஆரம்பிச்சவர், சோதனை பண்ணப் போய் வாடகை வீட்டுக் கூரையே எரிஞ்சு போச்சு. ஆனாலும் விடல. செல்சீ, மெர்டன் ஆபி, ஃபுல்ஹம்னு பட்டறை மாத்தி மாத்தி 1907 வரைக்கும் ஓட்டினார். கண்டுபிடிச்சதை ரகசியமா வச்சுக்கவும் இல்ல, 1892ல லண்டன்ல சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும் செய்முறையை விளக்கியிருக்கார், அதுக்காகவே அவர் மேல எனக்கு தனி மரியாதை. அவரோட ரூபி லஸ்டர் பெரிய தட்டுங்க எட்டாத விலைதான், ஆனா ஒத்தை டைல் அப்பப்ப ஏலத்துக்கு வரும். அதுலயும் ஓரம் உடைஞ்சது இருந்தா இன்னும் கம்மியாப் போகும்.

பிரான்ஸ்ல கோல்ஃப் ஜுவான்ல க்ளெமான் மாஸியே, கடற்கரை ஊர். ஓவியர் லூசியன் லெவி டூர்மே 1887ல இருந்து 1895 வரைக்கும் அவர்கிட்ட கலை இயக்குநரா இருந்தார். மாஸியே சாடியில ஊதாவும் பச்சையும் பொன்னும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு, மரமும் தண்ணியும் மங்கலா தெரியும். அங்க வேலை கத்துக்கிட்ட ஜாக் சிகார்தான் அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் வெல்லர்ங்கற மண்பாண்டக் கம்பெனிக்கு இதே மாதிரி போட்டார்.

ஆனா என் நெஞ்சுக்கு நெருக்கம் ஹங்கேரியோட ஜோல்நாய். பேச் நகரத்துல 1853ல ஆரம்பிச்ச கம்பெனி, வில்மோஷ் ஜோல்நாய் காலத்துல வின்சே வார்த்தாங்கற வேதியியல் பேராசிரியரோட சேர்ந்து 1893 வாக்குல இயோசின் கிளேஸைக் கொண்டு வந்தாங்க. பச்சைப் பொன், ரத்தச் சிவப்பு, மயில் நீலம். வண்டு சிறகு மினுக்கம் தெரியும் இல்ல, கையில வச்சுத் திருப்பினா அச்சு அசல் அதேதான். மார்க் அஞ்சு கோபுரம், அதுக்குள்ள டி, ஜே, எம்னு மூணு எழுத்து, அவரோட பசங்க தெரேஸ், ஜூலியா, மிக்லோஷ் மூணு பேரோட முதலெழுத்து.

இங்கதான் கவனமா இருக்கணும். ஜோல்நாய்னு மார்க் இருந்தா உடனே 1900னு நினைச்சுடாதீங்க. 1948ல அரசுடைமை ஆனதுக்கு அப்புறமும் அந்தத் தொழிற்சாலை ஓடிச்சு, இப்பவும் ஓடுது. பச்சைப் பொன் இயோசின்ல சின்னச் சின்ன மிருகம், பெண் பொம்மை நிறைய வருதே, தங்க அச்சு மார்க்கோட, அதுல பெரும்பாலானது 20ஆம் நூற்றாண்டோட பிற்பாதி. அசல்தான், அழகுதான், புது ஆளுக்கு எட்டற விலையும் கூட. ஆனா அதை ஆர்ட் நூவோ, அதாவது 1900 வாக்குல இருந்த கலைப் பாணின்னு சொல்லி அதுக்கான விலையைக் கேட்டா கொடுக்காதீங்க. பழம்பெட்டி சார், மார்க் இருந்தா நிம்மதின்னு சொன்னீங்களே, அந்த நிம்மதி இங்க செல்லாது, மார்க்கோட வகையையும் சேர்த்துப் படிக்கணும்.


செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, செம்புன்னு நினைச்சது தங்கம்னு படிச்சதும் அந்த ஜக் படத்தை மறுபடி பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தேன். விக்கறவங்க அடிப்பக்கம் கிட்டத்துல எடுத்து அனுப்பினாங்க. விளிம்புல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு மண் நல்லா வழவழன்னு ஆகியிருக்கு, எதிர்ப்பக்கம் கிளேஸ் இன்னும் இருக்கு, கீறல் குறுக்கும் நெடுக்குமாதான் போகுது. மூக்குக்குக் கீழ மட்டும் ஒரு இடத்துல செம்பு நிறம் கொஞ்சம் ஆரஞ்சா, பெயிண்ட் அடிச்ச மாதிரி தட்டையா தெரியுது. அது என்னவா இருக்கும்?

இன்னொண்ணு, அதே ஏலத்துல சண்டர்லண்ட் ரோஸ் லஸ்டர் ஜக் ஒண்ணும் இருக்கு, ஒரு பக்கம் இரும்புப் பாலம், இன்னொரு பக்கம் மாலுமி விடைபெறுற பாட்டு. அது நல்லதா? வாங்கினா எப்படிப் பராமரிக்கறது, கழுவலாமா?


கண்ணாடிஅலமாரி எழுதியது:

பராமரிப்பு நான் சொல்றேன், லஸ்டரை அழிக்கறது காலத்தை விட சுத்தம் பண்றவங்கதான் அதிகம், அதைப் பாத்துப் பாத்து மனசு நொந்து போயிருக்கேன்.

இங்கிலாந்து லஸ்டர் மேல நிக்கற படலம்னு மேல சொன்னாங்க இல்ல, அந்தப் படலம் முடியை விட பல மடங்கு மெல்லிசு. டிஷ்வாஷர் வேண்டவே வேண்டாம், ஸ்க்ரப்பர், பிளீச், உலோகப் பாலிஷ் எதுவும் கிட்டயே போகக்கூடாது. செம்பு மாதிரி இருக்கேன்னு பித்தளை பாலிஷ் போட்டுத் தேச்ச ஜக்கை எல்லாம் பாத்திருக்கேன், புடைப்புப் பூவோட முனை எல்லாம் மொட்டையா மண்ணு தெரிஞ்சு நிக்கும். வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு மென்மையான சோப், மிருதுவான பிரஷ், அவ்வளவுதான். ஊறப்போடாதீங்க. இது எல்லாம் உறிஞ்சுற மண்ணு, அடிவிளிம்புலயும் விரிசல்லயும் தண்ணி உள்ள போனா அழுக்கையும் இழுத்துட்டுப் போயி பழுப்புக் கறையா நின்னுடும்.

விலைச்சீட்டு ஒட்டியிருந்தா வெடுக்குனு உரிக்காதீங்க, தேஞ்ச லஸ்டர் பசையோட சேர்ந்து வந்துடும், ஈரத்துணியை மேல வச்சு ஊறவிட்டு மெதுவா நகர்த்துங்க. நீங்களும் செல்லோடேப் எதையும் ஒட்டாதீங்க. தட்டை சுவத்துல மாட்டறவங்க வெறும் கம்பி ஹேங்கர் போட்டா விளிம்புல நாலு இடத்துல தேஞ்சுடும், கம்பிக்கு உறை போட்டது வாங்குங்க. அப்புறம் இதுல சாப்பிடறதோ குடிக்கறதோ வேண்டாம், பழைய கிளேஸ்ல ஈயம் இருக்கும்.

அந்த ஆரஞ்சு இடம் ரெஸ்டோரேஷன் மாதிரிதான் தெரியுது. மூக்கு உடைஞ்சு ஒட்டி மேல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. இருட்டு அறையில புற ஊதா டார்ச் அடிச்சுப் படம் அனுப்பச் சொல்லுங்க, பின்னாடி அடிச்ச பெயிண்டும் பசையும் பெரும்பாலும் சுத்தியிருக்கற கிளேஸ்ல இருந்து தனியா வேற நிறத்துல ஒளிரும்.


மண்ணும்நெருப்பும் எழுதியது:

கண்ணாடிஅலமாரி சொன்னது சரி, எனக்கும் ரெஸ்டோரேஷன்னுதான் படுது. அதனால ஜக்கை ஒதுக்கணும்னு இல்ல, உடைஞ்சதுக்கு உண்டான விலையைக் கொடுங்க, அவ்வளவுதான். படிச்சுக்கறதுக்கு அந்த மாதிரி ஒண்ணு கையில இருக்கறது நல்லதும் கூட, அசல் லஸ்டரும் பெயிண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒரு தடவை லென்ஸ் வச்சு பாத்துட்டா அப்புறம் எங்க பாத்தாலும் பிடிபட்டுடும்.

சண்டர்லண்ட் ஜக் சுவாரஸ்யமானது. வியர் ஆத்து மேல 1796ல திறந்த இரும்புப் பாலம் அந்த ஊருக்கே பெருமை, அதனால 19ஆம் நூற்றாண்டுல வெகு காலம் வரைக்கும் அந்தப் படத்தைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. பாலம் இருக்குங்கறதுக்காக 1800னு நம்பிடாதீங்க. ரோஸ் லஸ்டர் ஈரமா இருக்கும்போதே மேல எண்ணெய் துளி தெறிச்சு விடுவாங்க, அது விரிஞ்சு மேகம் மாதிரி குமிழ் குமிழா ஆகும், அந்தக் குமிழ் ஒவ்வொண்ணும் வேற வேற அளவுல இருக்கணும். அந்தப் பாட்டு, மாலுமி கப்பலேறறது, காதலி காத்திருக்கறது, இதெல்லாம் துறைமுகத்துல பரிசா வாங்கிக் கொடுக்கறதுக்குன்னே செஞ்சது. சண்டர்லண்டோட கேரிசன் பட்டறையில டிக்சன், ஆஸ்டின்னு கூட்டாளிங்க மாற மாற கம்பெனிப் பேரும் மாறிச்சு, படத்துக்குக் கீழயோ அச்சுக்குள்ளயோ பேர் இருந்தா அதை வச்சே காலத்தை நல்லா நெருக்கிடலாம், தேடிப் பாருங்க.

இதுலயும் பைபிள் வாசகம் எழுதின சுவர்த் தட்டுங்கள்லயும் பின்னாடி செஞ்ச நகல் நிறைய. லென்ஸ்ல பாத்தா பழைய அச்சு செம்புத்தகட்டுல செதுக்கின கோடும் புள்ளியுமா, கோடு எங்க முடியுதோ அங்க மெல்லிசாகி நிக்கும். புது நகல்ல பத்திரிகைப் படம் மாதிரி ஒழுங்கான வரிசையில புள்ளி புள்ளியா இருக்கும், அப்படி இருந்தா விட்டுடுங்க. கறுப்பு அச்சுக்கு மேல கையால வண்ணம் போட்டிருப்பாங்க, அது கோட்டைத் தாண்டி அங்கங்க வழிஞ்சிருந்தா சந்தோஷப்படுங்க, பழைய பட்டறையில அப்படித்தான் வேகமா போட்டாங்க.

ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, அச்சு சரியா இருந்தா சண்டர்லண்டை எடுங்க. செம்பு ஜக் எந்த மாசமும் கிடைக்கும். விக்கறவங்ககிட்ட போட்டோ மட்டும் கேக்காம, ஜன்னல் வெளிச்சத்துல மெதுவா திருப்பி ஒரு வீடியோவும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.


செம்பருத்தி எழுதியது:

வீடியோவும் டார்ச் படமும் கேட்டு எழுதிட்டேன் அண்ணா. சண்டர்லண்ட் ஜக் அச்சைப் பெருசாக்கிப் பாத்தேன், கோடு முனை மெல்லிசாத்தான் முடியுது, பச்சை வண்ணம் பாலத்துக் கீழ இருக்கற கப்பல் பாய்மரத்து மேலயும் ஏறியிருக்கு! பாட்டுக்குக் கீழ சின்ன எழுத்துல ஏதோ பேர் மாதிரி இருக்கு, படம் தெளிவா வந்ததும் இங்கயே போடறேன், படிச்சுச் சொல்லுங்க.